களவாய் மீன்

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையை அடுத்து, 21 சிறு தீவுகள் கோவையாகக் கிடந்தன. மன்னார் வளைகுடாத் தீவுகள் என்பது அவற்றின் பெயர். அவற்றுள் இரண்டு இப்போது கடலுள் ஆழ்ந்துவிட்டன. எஞ்சியவற்றில் ஊர் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. படகில் அமர்ந்து பார்ப்பவனுக்கு அவை புதர் மண்டிய மணல்திட்டுகளே. ஆனால் அவற்றைச் சுற்றிலும் நீருக்கடியில் முருகைக்கற்கள் கிளைத்தும் குவிந்தும் குடைந்தும் ஒரு பெரு நகரத்தையே கட்டி வைத்திருக்கின்றன. நூலோர் அதனைப் பவளப்பாறை என்பர்; எங்கள் பக்கத்து மீனவர் 'பார்' என்னும் சிறு சொல்லால் குறிப்பர். அந்நகரத்தின் தெருக்களில் வண்ண மீன்கள் கூட்டங்கூட்டமாய் உலாவும். இருண்ட மாடங்களுள் ஒன்றில், ஆரவாரம் எதுவுமின்றி, வாயிலை நோக்கியபடி ஒரு பெரிய மீன் நின்றுகொண்டிருக்கும். அதுவே களவாய். பேச்சு வழக்கில் களவா என்பதும் உண்டு. களவாடுவோன் போல் மறைந்து நிற்பதால் இப்பெயர் அதற்குத் தகும் என்று சிறுவயதில் நான் எண்ணிக்கொள்வேன்.

நான் நெய்தல் நிலத்திலே பிறந்தவன். என் தந்தையார் நான் நடக்கத் தொடங்கும் முன்னரே மறைந்தார். என் தாயின் தமையனார் எங்கள் இருவரையும் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். அவருக்குச் சொந்தமாக ஒரு வள்ளமும், சில கூடுகளும், தூண்டிற் கயிறுகளும் இருந்தன. கூடு என்பது மீன் பிடிக்கும் பொறி. உள்ளே புகும் மீன் வெளியேறும் வழி அறியாது மயங்கும் வண்ணம் அதன் வாயைப் புனைந்திருப்பர். கூட்டைப் பாரின் மேல் இறக்கி, கல்லைப் பாரமாக வைத்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ சென்று எடுப்பர். ஆனால் பெரிய களவாய் கூட்டுக்குள் எளிதில் வருவதில்லை. அதற்குத் தூண்டில்தான் வேண்டும்.

களவாயின் உடலமைப்பை ஒருமுறை உற்று நோக்கினால் அதன் வாழ்க்கை முழுவதும் விளங்கிவிடும். வஞ்சிரமும் சூரையும் கடலைக் கடந்து விரைவதற்கென்றே அமைந்தவை. அவற்றின் வால் பிறை போன்றது, உடல் அம்பு போன்றது. களவாயின் உடலோ தடித்தது; வால் அகன்று வட்டமானது. நெடுந்தொலைவு ஓட அதனால் இயலாது. நின்ற இடத்திலிருந்து ஒரு பாய்ச்சல் பாயலாம். அவ்வளவே அதற்குத் தேவை. அதன் வாய் மிகப் பெரியது. இரை அருகில் வந்தவுடன் தாடையைத் திறந்து, செவுள் மூடிகளையும் விரிக்கும். அந்த வெற்றிடத்தை நோக்கி நீர் பாய்ந்து செல்லும். நீரோடு இரையும் செல்லும். கண் இமைக்கும் நேரத்துள் எல்லாம் முடிந்துவிடும். பற்கள் சிறியனவாய் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். கடித்துக் கிழிக்க அவை உதவா. உள்ளே போனது திரும்பி வாராமல் தடுக்கவே உதவும். நண்டு, இறால், கணவாய், சிறு மீன் எதுவாயினும் அது முழுதாகவே விழுங்கும்.

நிறத்தையும் அது மாற்றவல்லது. வெளிறிய மணலுக்கு எதிரே நிற்கும்போது வெளுத்தும், குகையுள் புகும்போது கருத்தும் காட்டும். உலகில் களவாய்க் குடும்பத்து மீன்கள் ஏறத்தாழ 160 இனங்கள் உள்ளன. சில ஒரு சாண் நீளத்திற்கு மேல் அதிகம் வளர்வதில்லை. எல்லாவற்றினும் பெரிய இனமோ இரண்டரை மீட்டர் நீளத்தையும் கடந்து, 400 கிலோ எடை வரை வளரும். பவளப்பாறையில் வாழும் எலும்பு மீன்களுள் அதற்கு நிகரானது வேறொன்றில்லை. இந்திய அரசு 2001ஆம் ஆண்டில் அதனை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. கடலில் நீந்தும் மீனுக்கு வனவிலங்கு என்ற பெயர் கிடைத்தது ஒரு வேடிக்கையே. எனினும் பெயரைவிடக் காவல் பெரிது.

எங்கள் அம்மான் பிடித்த களவாய் அவ்வளவு பெரிய இனத்தைச் சேர்ந்ததன்று. பழுப்பு உடலும், அதன்மேல் கரும்புள்ளிகளும் கொண்ட இனம் அது. அறிவியலார் இதனை மலபார்க் களவாய் என்கின்றனர். இப்பெயரைக் கேட்டு இது மேலைக்கடற்கரைக்கே உரிய மீன் என்று எண்ணிவிடாதீர்கள். செங்கடல் முதல் பசிபிக் பெருங்கடலின் தீவுகள் வரை இது வாழ்கிறது. பெயர் சூட்டுவதற்கு அடிப்படையாக இருந்த மீனோ நம் சோழமண்டலக் கரையிற் கிடைத்தது. பெர்லின் நகரத்து மருத்துவர் பிளாக் என்பவர் உலகத்து மீன்களையெல்லாம் திரட்டி ஆராய்ந்தார். தரங்கம்பாடியில் வாழ்ந்த ஜான் பாதிரியார் அவருக்குக் கப்பல் வழியாக நம் கரையின் மீன்களை அனுப்பிவந்தார். பிளாக் 1799இல் மறைந்தபின், அவருடைய நூலை அவர்தம் நண்பர் சினைடர் 1801இல் நிறைவுசெய்து வெளியிட்டார். களவாய்க்கு இப்பெயர் வாய்த்தது அந்நூலில்தான். ஜான் பாதிரியாரின் பெயரோ கத்தாளை மீன்களின் அறிவியற் பெயரில் இன்றும் நின்று நிலவுகிறது.

நான் சொல்ல வந்தது 1972ஆம் ஆண்டு மே மாதத்தில் நிகழ்ந்தது. அப்போது எனக்கு வயது பதின்மூன்று. எட்டாம் வகுப்புத் தேறியிருந்தேன். உயர்நிலைப் பள்ளி அருகில் இல்லை; நகரத்தில் விடுதியில் தங்கித்தான் படிக்கவேண்டும். படிப்புக்குக் கட்டணமில்லை. ஆனால் விடுதிக்கு முன்பணம் கட்டவேண்டும். உடையும் நூலும் பெட்டியும் வாங்கவேண்டும். என் தாயார் தம்மிடமிருந்த ஒரே பொற்காப்பை விற்றுவிடலாம் என்றார். அம்மான் அதற்கு இசையவில்லை. "பாரில் ஒருவன் இருக்கிறான்; அவனைக் கேட்டுப் பார்ப்போம்" என்றார்.

அந்த 'ஒருவன்' யாரென்று எனக்குத் தெரியும். தீவுக்குத் தெற்கே ஏழு பாக ஆழத்தில் ஒரு குகை இருந்தது. கோயிற் கோபுரம் ஒற்றைப் பனையின் நேரே தெரியவேண்டும். தீவின் மேற்கு முனை கரையிலுள்ள மணல்மேட்டை மறைக்கவேண்டும். அவ்விரண்டும் கூடும் இடத்தில் நங்கூரத்தை இட்டால் குகை வள்ளத்தின் அடியில் இருக்கும். அம்மானுக்கு அவருடைய தந்தை காட்டிக்கொடுத்த இடம் அது. அக்குகையின் மீன் இருமுறை கயிற்றை அறுத்துக்கொண்டு போயிற்று. எனவே அதற்குப் 'பாட்டன்' என்று பெயரிட்டிருந்தனர்.

விடியற்காலையில் நாங்கள் இருவரும் பாய் விரித்துச் சென்றோம். தென்மேற்குக் காற்று இன்னும் வலுக்கவில்லை. நீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. உயிருள்ள ஒரு சிறு மீனை முள்ளில் கோத்து, ஈயக் குண்டு கட்டிக் கயிற்றை இறக்கினார். சிறிது நேரத்தில் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுப் பாயைச் சுருட்டப் போனார். அந்நேரம் பார்த்துக் கயிறு ஒருமுறை அசைந்தது. பிறகு ஒரேயடியாகக் கீழே பாய்ந்தது. என் உள்ளங்கைத் தோல் உரிந்துபோயிற்று. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அம்மான் ஓடிவந்து பற்றினார். அதற்குள் மீன் குகைக்குள் புகுந்துவிட்டது. பிறகு இருவரும் சேர்ந்து இழுத்தும் கயிறு ஓர் அங்குலமும் மேலே வரவில்லை. களவாய் குகையுள் புகுந்தபின் தன் முதுகின் 11 முட்களையும் நிமிர்த்தி, செவுள் மூடிகளை விரித்து, சுவரில் அறைந்த ஆப்புப்போல் இறுகிக்கொள்ளும். இழுக்க இழுக்க இறுக்கம் மிகும், கயிறுதான் அறும்.

அம்மான் இழுப்பதை நிறுத்தினார். கயிற்றைத் தளர்த்தி விட்டு, வெற்றிலை போடத் தொடங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "பொறு மருமகனே! இழுப்பவன் போய்விட்டான் என்று அது எண்ணவேண்டும்" என்றார். வெயில் ஏறியது. ஒரு நாழிகைக்கு மேல் ஆகியிருக்கும். கயிறு மெல்ல நகர்ந்து, தளர்வு குறைந்தது. மீன் வெளியே வந்துவிட்டது. உடனே இருவரும் ஒருங்கே இழுத்தோம். இம்முறை குகைக்குத் திரும்ப அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அது நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்தபோது என் தலை அதற்குள் அடங்கும் என்று தோன்றிற்று. அதன் கண்கள் அசைந்தன. மேலும் கீழும் சுழன்று, முதலில் அம்மானையும் பிறகு என்னையும் பார்த்தன. மீனுக்கு நம்மைத் தெரியும் என்று அதுகாறும் நான் நினைத்ததில்லை.

கரையில் மூங்கிலில் கட்டி இருவர் தூக்கினர். எடை 35 கிலோ. ஏலத்தில் 85 ரூபாய் கிடைத்தது. தலையை மட்டும் அம்மான் கேட்டு வாங்கிக்கொண்டார். வயிற்றைக் கீறிய கிழவர் ஒருவர், "சினை இல்லை, கிழட்டு மலடு" என்றார். அம்மானும் தலையசைத்தார். சிறிய களவாயில் சினை இருக்கும்; மிகப் பெரியதில் எக்காலத்தும் இராது. இது எங்கள் கரையார் அனைவரும் அறிந்த செய்தி. வயது முதிர்ந்தால் மலடாகும் என்பதே அவர்கள் கொண்ட காரணம். மலடானதைப் பிடிப்பதில் பாரத்திற்கு இடமில்லை அல்லவா?

தலைக்கறி சமைக்கும்போது என் தாயார் அதன் மண்டைக்குள்ளிருந்து இரண்டு வெள்ளைக் கற்களை எடுத்து என்னிடம் கொடுத்தார். மீனின் செவிக்கற்கள் அவை. அவற்றைப் புதுப் பெட்டியில் பென்சிலோடு போட்டு வைத்தேன். அந்த ஜூன் மாதமே விடுதியிற் சேர்ந்தேன்.

எட்டாண்டு கழிந்து, கல்லூரியில் விலங்கியல் பயின்ற காலத்தில் எங்கள் பேராசிரியர் ஒருநாள் களவாயைப் பற்றிப் பேசினார். களவாய் இனங்களுட் பெரும்பாலானவை முதலிற் பெண்ணாகவே முதிர்கின்றன. சில ஆண்டுகள் முட்டையிட்டபின், உடல் பெருத்த சில மீன்கள் ஆணாக மாறுகின்றன என்றார் அவர். சினையை ஈன்ற அதே உறுப்பு மெல்ல உருமாறி விந்தைத் தருகின்றது. ஆகவே பாரில் உள்ள பெரிய மீன்கள் பெரும்பாலும் ஆண்கள், சிறியவை பெண்கள். இதைக் கேட்டதும் என் உள்ளங்கை எரிவதுபோல் இருந்தது. சினை இல்லாதது மலடாக இருக்கவில்லை. அந்தப் பார் முழுவதற்கும் அதுவே தந்தையாக இருந்திருக்கலாம்.

செவிக்கற்களுள் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் உடைத்து, முறிந்த பக்கத்தைத் தீயிற் காட்டி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். மரத்தின் வயிரத்தைப்போல் மீனின் செவிக்கல்லிலும் ஆண்டு வளையங்கள் உண்டு. மூன்று முறை எண்ணினேன். 22 வளையங்கள். நான் பிறப்பதற்கு ஒன்பதாண்டுகளுக்கு முன்னமே அது பிறந்திருந்தது.

அப்படிப் பிறந்து வளர்வதும் எளிய செயலன்று. களவாயின் முட்டைகள் நீரில் மிதந்து செல்லும். பொரித்துவரும் குஞ்சுக்கு முதுகில் ஒன்றும் வயிற்றில் இரண்டுமாக நீண்ட முட்கள் வளர்ந்து, அது காற்றாடிபோல் தோன்றும். ஐந்தாறு வாரங்கள் அது நீரோட்டத்தின் போக்கில் அலையும். பலவற்றுக்கு இரையாகும். எஞ்சிய சில, கழிமுகத்திலும் அலையாத்திக் காட்டிலும் கடற்புல் வெளியிலும் ஒதுங்கிச் சில காலம் வளர்ந்து, பிறகே பாருக்கு வரும். அலையாத்தியை வெட்டினால் பாரில் களவாய் குறையும் என்பது இதனால் தெரிகிறது. முருகைக்கல்லைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்த காலமும் எங்கள் கடலில் இருந்தது. குகையே இல்லாதபோது குடியிருப்பவன் எங்கே போவான்?

களவாயின் அறிவைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். செங்கடலில் ஆராய்ந்தோர் 2006இல் ஒரு செய்தியை வெளியிட்டனர். அங்குள்ள ஒரு களவாய் இனம், தான் துரத்திய மீன் இடுக்கினுள் புகுந்துவிட்டால், அஞ்சாளை வாழும் பொந்தின் முன் சென்று தலையை விரைவாக ஆட்டுகிறது. பாம்புபோன்ற உடலுடைய அஞ்சாளை வெளியே வந்து அதனோடு செல்கிறது. அஞ்சாளை இடுக்குகளில் நுழைந்து துழாவும். களவாய் வெளியே காத்திருக்கும். அகப்பட்டது எதன் வாயிலோ அதற்கே உரியது, பங்கு என்பதில்லை. இரை ஒளிந்த இடத்துக்கு நேர்மேலே களவாய் தலைகீழாக நின்று சுட்டிக்காட்டுகிறது என்பதையும் 2013இல் எழுதினர். மீனுக்கு விரல் இல்லையே தவிரச் சுட்டும் வழக்கம் இருக்கிறது.

அதன் ஆவலே அதற்குப் பகையுமாகும். பிரெஞ்சு நாட்டுக் கூஸ்தோ என்னும் கடலாராய்ச்சியாளர் 1956இல் வெளிவந்த தம் திரைப்படத்துக்காக இந்துமாக்கடலில் மூழ்கியபோது, பெரிய களவாய் ஒன்று அவர்தம் குழுவினரைப் பின்தொடர்ந்து படம் எடுக்கவொட்டாமல் இடையே வந்து நின்றது. அதற்கு 'ஜோஜோ' என்று பெயரிட்டு, தொல்லை தாளாமல் அதனை ஒரு கம்பிக் கூண்டில் சிறிது நேரம் அடைத்தும் வைத்தனர். அவர்கள் கையில் இருந்தது படக்கருவி. ஈட்டியோடு மூழ்குபவனிடமும் களவாய் இப்படியே வந்து நிற்கும்.

இனி மீண்டும் எங்கள் குகைக்கு வருகிறேன். நல்ல குகை நெடுநாள் வெறுமையாய் இராது. பாட்டன் போன அடுத்த ஆண்டே அங்கு வேறொரு களவாய் குடிவந்தது. அதை அம்மான் பிடித்தார், 20 கிலோ. அதற்குப் பின் வந்தது 11 கிலோ. பிறகு ஆறு, நான்கு. பின்னர் மீன்கள் வந்தன. ஆனால் அவற்றை யாரும் மூங்கிலில் கட்டித் தூக்கவில்லை. ஒவ்வொரு முறையும், அடுத்த பெண்மீன் பெருத்து ஆணாகும் முன்னரே தூண்டில் அதனிடம் போய்ச் சேர்ந்தது.

இதே கதையைக் கடலுக்கு அப்பாலும் கண்டேன். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கீ வெஸ்ட் என்னும் தீவு நகரம் உள்ளது. அங்கே மீன்பிடித்தல் ஒரு விளையாட்டு. பணம் கொடுத்துப் படகில் சென்று, பெரிய மீனைப் பிடித்து, அதனைத் தொங்கவிட்டு அருகே நின்று படம் எடுத்துக்கொள்வர். 1956 முதல் 2007 வரை எடுத்த அப்படங்களை ஓர் ஆராய்ச்சியாளர் வரிசைப்படுத்தி ஆராய்ந்தார். முதற் படங்களில் மனிதரைவிடப் பெரிய களவாய்கள் தொங்குகின்றன. ஆண்டு செல்லச் செல்ல மீன்கள் சிறுக்கின்றன. சராசரி எடை ஏறத்தாழ 20 கிலோவிலிருந்து இரண்டேகால் கிலோ அளவுக்கு இறங்கிவிட்டது. நின்று படம் எடுத்துக்கொண்டவர் முகத்து மகிழ்ச்சி மட்டும் குறையவே இல்லை. தாம் பிடித்ததே பெரிய மீன் என்று ஒவ்வொரு தலைமுறையும் எண்ணியது போலும்.

கரிபியக் கடலிலுள்ள லிட்டில் கேமன் என்னும் தீவில் வேறொன்று நிகழ்ந்தது. அப்பக்கத்துக் களவாய்கள் குளிர்காலத்து முழுநிலா நாட்களை ஒட்டி ஓரிடத்திற் கூடி முட்டையிடும். அவ்விடத்தை மீனவர் 2001இல் கண்டுபிடித்தனர். ஏறத்தாழ 7,000 மீன்கள் கூடியிருந்தன; இரண்டு குளிர்காலத்துள் 4,000 மீன்களைப் பிடித்துவிட்டனர். 2003இல் அரசு அவ்விடத்தில் மீன்பிடிப்பதைத் தடுத்தது. சில ஆண்டுகள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. தடை சரிதானா என்று மீனவர் கேட்டிருப்பின் அது நேர்மையான கேள்வியே. பிறகு நல்லதொரு பருவத்தில் பிறந்த குஞ்சுகள் வளர்ந்து வந்து சேர்ந்தன. 2018ஆம் ஆண்டளவில் மீண்டும் ஏறத்தாழ 7,000 மீன்கள் அங்கே கூடின. மன்னார் வளைகுடாத் தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஆனால் அதற்கு ஐந்தாண்டு முன்னமே, 1981ஆம் ஆண்டு விடுமுறையில், நான் என் கல்லூரிப் பாடத்தை அம்மானிடம் சொல்லியிருந்தேன்.

அவர் திண்ணையில் அமர்ந்து ஒரு கூட்டைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். நான் செவிக்கல்லின் முறிந்த துண்டைக் காட்டி, வளையங்களைப் பற்றியும், பெண் ஆணாவதைப் பற்றியும் சொன்னேன். குறை கூறுவதாக அவர் நினைத்துவிடக் கூடாதே என்று எனக்கு அச்சம். என் விடுதிப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை நாங்கள் இருவரும் அறிவோம். அவர் முழுவதும் கேட்டார்.

"அப்படியானால் அது மலடில்லை" என்றார்.

"இல்லை மாமா."

"இத்தனை நாளும் மலடு என்று சொல்லிவிட்டோமே!" என்று துண்டைத் திருப்பித் தந்தார். சற்று நேரம் கழித்து, "இப்போது அந்தக் குகையில் இருப்பது ஆணாவதற்கு எத்தனை நாள் செல்லும்?" என்று கேட்டார்.

"நன்றாகப் பெருக்கவேண்டும் மாமா, அதற்கே சில ஆண்டுகள் ஆகும். மாறுவதற்குச் சில மாதங்கள்."

"அதுவரைக்கும் யாரும் அங்கே கயிறு இறக்காமல் இருக்கவேண்டும்" என்றார். நான் விடை சொல்லவில்லை.

மறுநாள் விடியலில் அவருடைய வள்ளம் கிழக்கே வேறொரு பாருக்குச் சென்றது. மாலையில் வெறுங்கையோடு திரும்பினார். அதற்கு மறுநாளும் கிழக்கேதான் சென்றார். மூன்றாம் நாள் காலையில் என் தாயார் அரிசிப் பானையைக் கவிழ்த்துக் கழுவி வைத்திருந்தார். அன்று அம்மான் கோபுரமும் பனையும் கூடும் இடத்தை நோக்கிப் பாயைத் திருப்பினார். நான் வள்ளத்தின் முனையில் அமர்ந்திருந்தேன். நங்கூரக் கயிற்றை என்னிடந்தான் கொடுத்தார்.